பைசெப்ஸ் முதல்லயா, ட்ரைசெப்ஸ் முதல்லயா? ஆர்ம்ஸ் நாளை எப்படிப் பிரிச்சுப் போடறது?

அடுத்த கேள்வி ஒரு தம்பி அனுப்பினது. கொஞ்சம் நீளம், அப்படியே வாசிச்சிடறேன். "அண்ணா, திங்கள் செஸ்ட்டும் ட்ரைசெப்ஸும், செவ்வாய் பேக்கும் பைசெப்ஸும், வியாழன் ஷோல்டர், வெள்ளி லெக்ஸ், சனிக்கிழமை ஆர்ம்ஸ் மட்டும் போடறேன். அன்னைக்கு பைசெப்ஸுக்கு 5 எக்சர்சைஸ், ஒவ்வொண்ணும் 4 செட். அதை முடிச்சிட்டு ட்ரைசெப்ஸுக்கு 3. ஒன்றரை மணி நேரம் ஆயிடுது. பம்ப் செமையா இருக்கு, ஆனா கை சைஸ் ஏறவே இல்ல. எது முதல்ல போடணும், எப்படிப் பிரிச்சுப் போடணும்?"

தம்பி, நீங்க உழைக்காம இல்ல. ஒன்றரை மணி நேரம் கைக்கு மட்டும் ஒதுக்கறீங்க. அந்த உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகல, அதான் விஷயம்.

கணக்கைப் பாருங்க. பைசெப்ஸுக்கு ஒரே நாள்ல 20 செட். இதுக்கு மேல செவ்வாய்க்கிழமை ரோயிங், லேட் புல்டவுன் மாதிரி இழுக்கற எக்சர்சைஸ் எல்லாத்துலயும் பைசெப்ஸ் கூடவே வேலை செஞ்சிருக்கு. அதுக்கப்புறம் அன்னைக்கே கர்லும் (வெயிட்டைப் பிடிச்சு முழங்கையை மடக்கித் தூக்கறது) போட்டிருக்கீங்க. சனிக்கிழமை முதல் 8, 9 செட் வரைக்கும் நல்லா போடுவீங்க. அதுக்கு மேல வெயிட்டைக் குறைச்சு, இடுப்பை ஆட்டி, எப்படியோ எண்ணிக்கையை முடிக்கிறதுதான் நடக்கும். அந்தச் செட்டெல்லாம் களைப்பைத்தான் கூட்டும், தசையைப் பெருசா கூட்டாது. பம்புன்னா அந்த நேரத்துக்கு தசைக்குள்ள ரத்தமும் நீரும் சேர்ந்து நிக்கிறது. சில மணி நேரத்துல வடிஞ்சிடும். அதை வச்சு வளர்ச்சியை அளக்காதீங்க.

இப்ப டேப்பை மேல்கையில சுத்திப் பாருங்க. அந்தச் சுத்தளவுக்குள்ள பெரிய தசை எது? ட்ரைசெப்ஸ். முன்னாடி இருக்கற பைசெப்ஸை விட பின்னாடி இருக்கற ட்ரைசெப்ஸ் நல்லாவே பெருசு. நம்ம ஊர்ல "ஆர்ம்ஸ் காட்டு"ன்னா எல்லாரும் கையை மடக்கி பைசெப்ஸைத்தான் காட்டுவாங்க, அதனால கண்ணாடியில தெரியறதுக்கே நேரம் முழுசும் போயிடுது. சைஸ் வேணும்னு கேக்கற நீங்க, பெரிய தசையைக் கடைசியில, சோர்ந்து போன நேரத்துல போடறீங்க. ட்ரைசெப்ஸை முதல்ல கொண்டு வாங்க.

ட்ரைசெப்ஸுல எதைப் போடறதுங்கறதுதான் இன்னும் முக்கியம். அதுக்கு மூணு பகுதி இருக்கு. ரெண்டு பகுதி மேல்கை எலும்புல இருந்து கிளம்பி முழங்கையைத் தாண்டுது. மூணாவது, லாங் ஹெட்னு சொல்றது, தோள்பட்டை எலும்புல இருந்தே கிளம்புது. அதனால கை தலைக்கு மேல இருக்கறப்பதான் அது நல்லா இழுபடும். நீங்க பெஞ்ச் பிரஸ், புஷ்டவுன் (கேபிளைக் கீழ அமுக்கறது), கிக்பேக் (குனிஞ்சு நின்னு கையைப் பின்னாடி நீட்டறது)னு போடறவர்னா இந்த மூணுலயும் லாங் ஹெட் நீளமா இழுபடற நிலைக்கு வர்றதே இல்ல.

இதை ஜப்பான்ல சுமியாகி மாயேவோ குழு சோதிச்சுப் பார்த்தாங்க, 2022ல வெளியாச்சு. ஒரே ஆளுக்கு ஒரு கையில ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன் (கையைத் தலைக்கு மேல வச்சு முழங்கையை மடக்கி நீட்டறது), இன்னொரு கையில கையைப் பக்கவாட்டுல கீழ வச்சு எக்ஸ்டென்ஷன். கேபிள் மெஷின்லதான், 12 வாரம், வாரம் ரெண்டு தடவை. கடைசியில ஸ்கேன் எடுத்துப் பார்த்தா தலைக்கு மேல போட்ட கையில ட்ரைசெப்ஸ் கிட்டத்தட்ட 20 சதவீதம் வளர்ந்திருக்கு, இன்னொரு கையில 14 சதவீதம். இத்தனைக்கும் தலைக்கு மேல போடறப்ப தூக்கின வெயிட் கம்மி. கம்மி வெயிட்ல போட்ட கை அதிகமா வளர்ந்திருக்கு. உங்க ஜிம்ல யாராவது புஷ்டவுன்ல மெஷின்ல இருக்கற முழு வெயிட்டையும் போட்டு உடம்பையே சாய்ச்சு அமுக்கறதைப் பார்த்து மயங்காதீங்க.

பைசெப்ஸுக்கு வருவோம். 5 எக்சர்சைஸ் போடறீங்கன்னா அதுல 3 ஒரே அசைவாத்தான் இருக்கும். நின்னுக்கிட்டு பார்பெல் கர்ல், நின்னுக்கிட்டு டம்பெல் கர்ல், நின்னுக்கிட்டு கேபிள் கர்ல், எல்லாத்துலயும் கை ஒரே இடத்துலதான இருக்கு? தோள் இருக்கற நிலையை மாத்துங்க. இன்க்ளைன் பெஞ்சுல சாய்ஞ்சு கையைத் தொங்கவிட்டுப் போடறது ஒண்ணு, அதுல கை உடம்புக்குப் பின்னாடி இருக்கும். ப்ரீச்சர் பெஞ்சுல போடறது இன்னொண்ணு, அதுல கை முன்னாடி இருக்கும், இடுப்பை ஆட்டவும் முடியாது. கூட ஹாம்மர் கர்ல். கட்டைவிரல் மேல பார்த்த மாதிரி பிடிச்சா பைசெப்ஸுக்கு அடியில இருக்கற பிரேக்கியாலிஸும் முன்கையும் அதிகமா வேலை செய்யும். இந்த மூணு போதும்.

அப்ப சனிக்கிழமை இப்படிப் போடுங்க. 5 நிமிஷம் கையை, தோளைச் சூடு பண்ணுங்க, லேசான வெயிட்ல ரெண்டு செட். அப்புறம் ஜோடியா போகணும். ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன் ஒரு செட், ஒரு நிமிஷம் நின்னு இன்க்ளைன் கர்ல் ஒரு செட், மறுபடி ஒரு நிமிஷம், இப்படி 3 சுத்து. அடுத்த ஜோடி, புஷ்டவுனும் ப்ரீச்சர் கர்லும், அதே 3 சுத்து. கடைசியா ஹாம்மர் கர்ல் 2 செட். ட்ரைசெப்ஸ் வேலை செய்யறப்ப பைசெப்ஸ் ஓய்வுல இருக்கும், அதனால ரெண்டுக்கும் போதுமான இடைவெளி தானா கிடைச்சிடும். 45 நிமிஷத்துல முடிஞ்சிடும். சாயங்காலம் 6 மணிக்கு மேல ஜிம்ல கூட்டம், கேபிளையும் பெஞ்சையும் சேர்த்துப் பிடிச்சு வைக்க முடியாதுன்னா ஒரு பெஞ்ச், ரெண்டு டம்பெல் எடுத்துக்கோங்க. ஓவர்ஹெட்டை ஒரே டம்பெலை ரெண்டு கையால பிடிச்சுப் போடலாம்.

ரெப்ஸ், அதாவது ஒரு செட்ல எத்தனை தடவைங்கறது, 8ல இருந்து 12. இன்னும் ஒண்ணோ ரெண்டோதான் சுத்தமா வரும்னு தெரியற இடத்துல நிறுத்துங்க. எல்லாச் செட்லயும் 12 வந்தாத்தான் வெயிட் ஏத்தணும். இங்க ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஜிம்கள்ல டம்பெல் பெரும்பாலும் இரண்டரை கிலோ வித்தியாசத்துலதான் இருக்கும். 10 கிலோவுல இருந்து பன்னிரண்டரைக்குத் தாவறது 25 சதவீத ஏத்தம். கர்லுக்கு அது ரொம்ப அதிகம். அதனால டம்பெல்ல 15 ரெப்ஸ் வர்ற வரைக்கும் அதே வெயிட்ல இருங்க, அப்புறம் மாறுங்க.

எறக்கறப்ப ரெண்டு, மூணு செகண்ட் எடுத்துக்கோங்க, கீழ முழுசா விடுங்க. நேர் ராடுல மணிக்கட்டு வலிச்சா இசட் ராடு (வளைஞ்ச ராடு) பிடிங்க. ஓவர்ஹெட்ல முழங்கை வலிச்சா கேபிள்ல ரோப்புக்கு மாறி வெயிட்டைக் குறைங்க, அப்பவும் வலி தொடர்ந்தா நிறுத்திட்டு டாக்டரையோ பிசியோவையோ பாருங்க. வலியோட எண்ணிக்கை முடிக்க வேண்டாம்.

கிழமைகளையும் மாத்தணும். சனிக்கிழமை ட்ரைசெப்ஸ் அடிச்சு, திங்கக்கிழமை அதே வலியோட பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் போறீங்க. ஓவர்ஹெட் புதுசா ஆரம்பிக்கறப்ப வலி அதிகமாவே இருக்கும். ஷோல்டரை புதனுக்குக் கொண்டு வந்து, ஆர்ம்ஸை வெள்ளிக்கும் லெக்ஸை சனிக்கும் மாத்திடுங்க. திங்கள், செவ்வாய்ல தனியா போடற ட்ரைசெப்ஸ், பைசெப்ஸை 3, 3 செட்டா குறைச்சுக்கோங்க, பிரஸ்ஸுலயும் ரோயிங்லயும் ஏற்கெனவே வேலை நடக்குது.

சாப்பாடு பத்தி நீங்க ஒண்ணும் எழுதல. உடம்பு எடை ஏறாம கை மட்டும் பெருசா ஏறறது கஷ்டம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரோட்டீன் கணக்கு. 60 கிலோ இருந்தா 96 கிராம். ஒரு முட்டையில சுமார் 6 கிராம்தான், மீதியை கோழி, மீன், பருப்பு, பால், தயிர்ல பிரிச்சுப் போடுங்க.

8 வாரம் இதையே போடுங்க, நடுவுல எக்சர்சைஸ் மாத்தாதீங்க. கையை காலையில எழுந்ததும், ஒர்க்அவுட்டுக்கு முன்னாடி, எப்பவும் ஒரே இடத்துல டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. முடிஞ்சதும் அந்த அளவையும் உங்க எடையையும் எனக்கு அனுப்புங்க, பார்த்துட்டு அடுத்து என்ன மாத்தலாம்னு சொல்றேன். சரி, முட்டி வலி இருக்கறப்ப ஸ்க்வாட் போடலாமான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க, அதுக்கு வரேன்.