பஞ்சு பிடித்த முட்டை

வணக்கம். சாதா கெண்டையை இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். நேற்று வேலம்பாசி என்கிற நீர்ச்செடியில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்த முட்டை, இன்று ஹாப்பா என்கிற வலைத்தொட்டிக்குள் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பஞ்சு போர்த்திக் கிடக்கும். "என்ன மருந்துங்க ஊத்தலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. கருக்கட்டாத முட்டை எவ்வளவு இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்தப் பஞ்சுக்குப் பெயர் சாப்ரோலெக்னியா. அது இல்லாத குளமே கிடையாது. பூஞ்சை என்கிறோம், உண்மையில் அது ஊட்டி உருளைக்கிழங்கைக் கருக்குகிற நோய்க்கிருமிக்குப் பங்காளி. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தித் திரியும். கருக்கட்டாத முட்டை செத்துவிடும்; பூஞ்சை முதலில் காலூன்றுவது அந்தச் செத்த முட்டையில்தான். அங்கிருந்து இழைவிட்டு, பக்கத்தில் இருக்கிற நல்ல முட்டையையும் சுற்றி மூச்சுமுட்டச் செய்துவிடும்.

கட்லா, ரோகு முட்டைக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை ஒட்டுவதில்லை, ஓடும் தண்ணீரில் உருண்டபடியே 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். சாதா கெண்டை முட்டையோ 2, 3 நாள் ஒரே இடத்தில் கிடக்கிறது. குளிர்நீர் மீனான டிரவுட்டின் முட்டை இன்னும் பாவம். நீலகிரி அவலாஞ்சி போன்ற குளிர்ந்த இடத்தில் ஒரு மாதம்கூட ஆகும். முட்டைக்குள் குஞ்சின் கண் கரும்புள்ளியாகத் தெரிந்த பிறகு செத்த முட்டையைப் பொறுக்கியெடுக்கப் பொறுமையான கை வேண்டும்.

ஆகவே ஒரு பெண் மீனுக்கு இரண்டு ஆண் மீன் விடுங்கள். கருக்கட்டாத முட்டை குறையும். பாசியை நன்றாக அலசிப் பரப்புங்கள், முட்டை குவியலாக ஒட்டக் கூடாது. தண்ணீர் தேங்காமல் ஓடட்டும்.

பழைய ஆட்கள் மலக்கைட் பச்சை என்பார்கள். கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாயம் மீன் சதையில் தங்கிவிடும்; சாப்பிடுகிற மீனுக்கு அது தடை செய்யப்பட்டது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வளர்ந்த மீனுக்குப் பஞ்சு பிடித்தால் வலையைப் பாருங்கள். முரட்டு வலையில் செதில் உதிர்ந்த இடம்தான் பூஞ்சைக்கு வாசல். மார்கழிக் குளிரில் அவசியமில்லாமல் மீனை இழுக்காதீர்கள். காயம்பட்ட மீனை, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் கல்லுப்புக் கரைத்து, 3 நிமிடம் விட்டு எடுங்கள். அதற்குள் மீன் தடுமாறிச் சாய்ந்தால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். இது தொட்டிக்குச் சொன்ன கணக்கு. உப்பு மூட்டையைக் குளத்தில் கவிழ்த்துவிடாதீர்கள்.