இடியும் மழையும் கடந்து வந்த ஒரு வாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலை என்றதும் வாஷிங்டன், ஜெபர்சன் பெயர்கள்தான் நம் வாயில் வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சீசர் ராட்னி.

அமெரிக்காவில் அன்று பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட குடியேற்றமாக இருந்த டெலவேரில், டோவர் ஊருக்குப் பக்கத்தில் 1728-இல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்துமா ஒருபுறம், முகத்தில் புற்றுநோய் மறுபுறம். அந்தப் புண்ணைப் பச்சைப் பட்டுத் துணியால் மறைத்துக்கொள்வாராம். அவரைப் பார்த்த இன்னொரு விடுதலைத் தலைவர் ஜான் ஆடம்ஸ், நாணல் போல ஒல்லியானவர், முகம் ஒரு பெரிய ஆப்பிள் அளவுதான், ஆனாலும் அதில் அறிவும் கனலும் தெரிகிறது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

1776 ஜூலை 1. பிலடெல்பியாவில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் கூடியிருக்கிறது. பிரிட்டனிடமிருந்து பிரிவதா, வேண்டாமா? டெலவேருக்கு மூன்று உறுப்பினர்கள். தாமஸ் மெக்கீன் பிரிவோம் என்கிறார், ஜார்ஜ் ரீட் வேண்டாம் என்கிறார். மூன்றாமவரான ராட்னி சொந்த ஊர்ப் பக்கம் இருக்கிறார். மெக்கீன் தன் கைக்காசு போட்டு ஆளனுப்பினார். சேதி கிடைத்ததும் ராட்னி கிளம்பிவிட்டார். ஏறத்தாழ 80 மைல். சகதி வழி, இடி, மழை. மூச்சு இரைக்கும் உடம்போடு அந்த இரவை அவர் எப்படிக் கடந்தாரோ! மறுநாள் மண்டபத்து வாசலில் பூட்ஸும் குதிமுள்ளுமாக அவர் வந்து நின்றதை, பல ஆண்டுகள் கழித்தும் மெக்கீன் மறக்கவில்லை. ராட்னியின் வாக்கால் டெலவேர் விடுதலையின் பக்கம் சாய்ந்தது.

ஜூலை 4 அன்று தம்பி தாமஸுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு அவர் ஒதுக்கியது ஒரே வரி: இடியாலும் மழையாலும் தாமதமானாலும், வாக்களிக்கச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருடைய நிலத்தில் உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். டெலவேருக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்க 1760-களில் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது தோற்றது. ஆனால் தன்னிடம் இருந்தவர்களை அவர் அடிமைகளாகவே வைத்திருந்தார். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. வில்மிங்டன் நகரில் குதிரைமேல் இருந்த அவருடைய சிலையை 2020-இல் இறக்கிவிட்டார்கள்.

அந்த வாக்குக்கு அவர் விலையும் கொடுத்தார். விடுதலையை விரும்பாத கென்ட் கவுண்டிக்காரர்கள், அதாவது அவருடைய சொந்த மாவட்டத்துக்காரர்கள், 1776 தேர்தலிலேயே அவரை ஒதுக்கினார்கள். அப்புறம் 1778-இல் அதே டெலவேர் அவரை மாநிலத் தலைவராக்கியது. மூன்றரை ஆண்டுகள், போர் நடுவே, வாஷிங்டனின் படைக்கு ஆளும் உணவும் திரட்டி அனுப்பினார்.

1784-இல் டெலவேர் சட்டமன்றத்தின் மேலவைக்கு அவர்தான் அவைத்தலைவர். ஆனால் எழுந்து நடமாட முடியவில்லை. சரி, நாமே போவோம் என்று மேலவை கொஞ்ச நாள் அவர் வீட்டிலேயே கூடியது. கூட்டத்தொடர் முடியும் முன், ஜூன் மாதம், அவர் கண்மூடினார்.