கூடையைப் பார்த்துக் கடலைச் சொல்வது எப்படி? விட்டர்பி கணக்கு, பாம்பன் கரையிலிருந்து

வணக்கம் மக்களே. பாம்பன் தென்கடல் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். மைக்கைத் துணியால் சுற்றியும் காற்றுச் சத்தம் அடங்கவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹிடன் மார்கோவ் மாடலில் ஒளிந்திருக்கும் நிலைகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா, இன்று அதுதான். உள்ளே மாறிக்கொண்டிருக்கும் நிலை கண்ணுக்குத் தெரியாது, அது விட்டுப்போகும் தடயம் மட்டும் தெரியும், அப்படிப்பட்ட கணித மாதிரிதான் இந்த மாடல்.

எங்கள் ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பேச்சில் வடகடல், தென்கடல், அவ்வளவுதான். அப்பா வல்லத்தை எந்தப் பக்கம் கொண்டுபோனார் என்று அம்மா கேட்கவே மாட்டார். கூடையைப் பார்ப்பார். நண்டு என்றால் வடகடலாக இருக்கும், சீலா மீன் என்றால் தென்கடலாக இருக்கும். ஆனால் ஒரு நாள் கூடையை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார். “நேத்து என்ன வந்துச்சு, முந்தாநாள் என்ன வந்துச்சு?” என்பார். கடல்தான் ஒளிந்திருக்கும் நிலை, கூடைதான் தடயம். இதே கணக்கைத்தான் ஆண்ட்ரூ விட்டர்பி என்ற பொறியாளர் 1967இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது மீன் இல்லை, இரைச்சலில் சிதைந்து வரும் தந்திச் செய்தி மாதிரியான சிக்னல்.

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நானே போட்டவை. இன்று போன கடலுக்கே நாளையும் போக வாய்ப்பு 0.8, மாற 0.2. வடகடலில் நண்டு 0.7, சீலா 0.3. தென்கடலில் நண்டு 0.2, சீலா 0.8. முதல் நாள் எந்தக் கடல் என்பதற்குப் பாதிக்குப் பாதி. வந்த கூடைகள்: நண்டு, சீலா, சீலா.

மணலில் சிப்பி வைத்திருக்கிறேன், பாருங்கள். மேல் வரிசை வடகடல், கீழ் வரிசை தென்கடல், இடமிருந்து வலமாக ஒவ்வொரு நாள். நடுவில் குச்சியால் இழுத்த கோடுகள்தான் வழிகள். புடலைப் பந்தல் மாதிரி இருக்கிறது இல்லையா? இந்தப் படத்துக்கு ஃபோர்னி என்ற பொறியாளர் வைத்த பெயரே ட்ரெல்லிஸ், கொடிப்பந்தல்.

முதல் நாள் நண்டு, பாதியை நண்டு வாய்ப்பால் பெருக்கினால்: வடக்கு 0.35, தெற்கு 0.10. இரண்டாம் நாள் சீலா. வடக்குச் சிப்பிக்கு இரண்டு கோடு வருகிறது. 0.35ஐ 0.8ஆல் பெருக்கினால் வடக்கிலிருந்து 0.28, 0.10ஐ 0.2ஆல் பெருக்கினால் தெற்கிலிருந்து 0.02. பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறேன். 0.28ஐ வடக்கில் சீலா வாய்ப்பான 0.3ஆல் பெருக்கினால் 0.084. தெற்குச் சிப்பிக்கு வடக்கிலிருந்து 0.07, தெற்கிலிருந்து 0.08. இங்கே தெற்குக் கோடு ஜெயிக்கிறது, 0.8ஆல் பெருக்கினால் 0.064. இந்த நிமிடத்தில் கேட்டால் “இரண்டு நாளும் வடகடல்” என்றுதான் பதில்.

மூன்றாம் நாளும் சீலா. வடக்கு 0.02016, தெற்கு 0.04096. தெற்கு பெரியது. அங்கிருந்து அழிக்காமல் விட்ட கோட்டைப் பிடித்துப் பின்னால் நடந்தால் தெற்கு, தெற்கு, தெற்கு. முதல் நாள் வந்தது நண்டு! இருந்தும் அன்றைக்குப் போனது தென்கடல் என்று கணக்கு சொல்கிறது. மூன்றாம் நாள் கூடை முதல் நாள் பதிலை மாற்றிவிட்டது. முதன்முதலில் இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு சிப்பிக்கும் “எங்கிருந்து வந்தேன்” என்ற குறிப்பை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் மனதில் உட்கார்ந்தது.

கோடுகளை அழிக்கிறாயே, அழித்ததில் ஒன்று பிறகு ஜெயித்துவிட்டால்? நல்ல கேள்வி. அதோ பாலம் தெரிகிறது. காரில் ராமேஸ்வரம் போக இந்த ஒரு பாலம்தான். கீழக்கரையிலிருந்து ஒருவர், தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். பாலத்துக்கு யார் முதலில் வந்தார்களோ, அதற்கப்புறம் ரோடு இருவருக்கும் ஒன்றுதான், வேகமும் ஒன்று என்று வையுங்கள். பின்னால் வந்தவர் முந்தவே முடியாது. மாடலிலும் அப்படித்தான். நாளைக்கு நடப்பது இன்று எந்தக் கடல் என்பதை மட்டும் பார்க்கிறது, அங்கே எப்படி வந்தீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் ஒரே சிப்பியில் சேரும் வழிகளில் சிறந்த ஒன்று போதும்.

மிச்சமாகும் வேலையைப் பாருங்கள். முப்பது நாளுக்கு எல்லா வழிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் 107 கோடிக்கு மேல். இந்த முறையில் ஒரு நாள் தாண்ட நான்கு கோடு, மொத்தம் 116 கோடுதான். நிலைகள் இரண்டுக்குப் பதில் ஆயிரம் ஆனால் ஒரு நாளுக்குப் பத்து லட்சம் கோடு வரும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில் அது கட்டுப்படியாகாது, அதனால் ரொம்பப் பின்தங்கிய நிலைகளை அப்போதே வெட்டிவிடுவார்கள். பீம் சர்ச் என்பது அதுதான். வேகம் கிடைக்கும், ஆனால் சரியான வழியே வெட்டுப்பட்டுப் போகவும் கூடும்.

கோட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஒன்றுக்குக் கீழான எண்களைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கணினி அதைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்க அதில் போனது. லாக் எடுத்துக் கூட்டுங்கள், பெரியது பெரியதாகவே இருக்கும்.

விட்டர்பி தன் கட்டுரைத் தலைப்பிலேயே இதை “எல்லையை நெருங்கும்போது சிறந்தது” என்ற அளவில்தான் சொன்னார். எப்போதுமே சிறந்த வழியைத் தருகிறது என்பதைப் பிறகுதான் மற்றவர்கள் காட்டினார்கள். 1969இல் ஓமுரா என்ற ஆய்வாளர், இது பெரிய கணக்கைச் சிறு படிகளாகப் பிரித்துப் போடும் பெல்மனின் டைனமிக் புரோகிராமிங்தான் என்றும் காட்டினார். விட்டர்பி இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலம் அனுப்பும் செய்தியைப் பிரித்ததும் இதுதான், அங்கே சிப்பி வரிசை 64. தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது போன் மேப்பில் நம் புள்ளி கடலுக்குள் விழும் பார்த்திருக்கிறீர்களா? அதைத் திரும்ப ரோட்டில் ஏற்றவும் இதே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

அலை முதல் வரிசைச் சிப்பி வரைக்கும் வந்துவிட்டது, சீக்கிரம் சொல்கிறேன். நான்காம் நாள் கூடையில் நண்டு வந்தால் என்ன ஆகும்? 0.02016, 0.04096 இரண்டிலிருந்தும் தொடங்கி நோட்டில் கையாலேயே போட்டுப் பாருங்கள். முதல் நாள் பதில் இன்னொரு முறை மாறும்.