அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் பேச்சில் திருப்பூருக்கு எது முக்கியம்?

வணக்கமுங்க. 2024 தேர்தலில் டிரம்பும் கமலா ஹாரிஸும் சொன்ன பொருளாதாரத் திட்டங்களை, நம்ம பனியன் கம்பெனி கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

(திரையில்: இருவர் படம், நடுவில் அட்டவணை)

கம்பெனிகளுக்கான வருமான வரி அப்போது 21 சதவீதம். ஹாரிஸ் 28 ஆக்குவேன் என்றார். டிரம்ப், அமெரிக்காவிலேயே தயாரிப்பவர்களுக்கு 15 என்றார். முதல் வீடு வாங்குபவருக்கு 25,000 டாலர் வரை உதவி என்றது ஹாரிஸ். டிப்ஸுக்கு வரி இல்லை என்று இருவருமே சொன்னார்கள். முதலில் சொன்னது டிரம்ப். இதெல்லாம் அவர்கள் ஊர்ப் பாடு. அதுவும் அங்கே நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும்.

நமக்கு இறக்குமதி வரிதான் விஷயம். எல்லா நாட்டுச் சரக்குக்கும் 10 முதல் 20 சதவீதம், சீனாவுக்கு 60 என்று டிரம்ப் பேசினார். ஹாரிஸ் அதை மக்கள் தலையில் விழும் விற்பனை வரி என்று சாடினார். அதற்காக அவர் தரப்புக்கு இறக்குமதி வரியே ஆகாது என்று நினைக்க வேண்டாம். சீன மின்சாரக் காருக்கு 100 சதவீதம் போட்டது, அவர் துணை அதிபராக இருந்த பைடன் அரசுதான்.

சரி, சீனாவுக்கு 60 என்றால் ஆர்டர் நம்ம பக்கம் திரும்பும் அல்லவா? நடந்தது வேறு. ஜெயித்த டிரம்ப், 1977-ம் வருட அவசரகாலச் சட்டத்தைக் காட்டி, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தன் கையெழுத்திலேயே வரி போட்டார். (அது செல்லுமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.) 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவுக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது; 2026 பிப்ரவரி வரை அது நீடித்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20.

(திரையில்: 4 டாலர் டி-ஷர்ட்)

பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் உண்டு. அதையும் சேர்த்தால் அப்போது திருப்பூர் சரக்குக்கு வரி 2.66 டாலர், டாக்கா சரக்குக்கு 1.46. பீஸுக்கு 1.20 டாலர் இடித்தது. வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். ஆனால் பையர் (அங்கே நம்ம சரக்கை வாங்குபவர்) உடனே டிஸ்கவுண்ட் கேட்பார். கொடுத்தால் அது நிட்டிங், செக்கிங் ஜாப் ஒர்க் கூலி வரை இறங்கும்.

எல்லோருக்கும் ஒரே 20 என்றிருந்தால் டாக்காவோடு நமக்கு இந்த இடைவெளியே வந்திருக்காது. ஆக, பிரசாரத்தில் நாம் கவனித்திருக்க வேண்டியது அந்த 60-ஐ அல்ல. எங்கள் சரக்குக்கு நீங்கள் எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவு நாங்களும் போடுவோம் என்று டிரம்ப் தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தார். 2024 அக்டோபரில் டெட்ராய்ட் கூட்டத்தில், எல்லோரையும்விட அதிகமாக வரி போடும் நாடு என்று அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இந்தியாவைத்தானுங்க.