இஸ்மாயில்னா என்ன அர்த்தம்?

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவங்களே, தாய்மார்களே, ஏழாம் நாள் பிள்ளை பொறந்ததுக்கு ஆடு அறுத்து அகீகா குடுத்து, பிள்ளைக்கு இஸ்மாயில்னு பேரும் வச்சாச்சு, என்னைய ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்க கைல திணிச்சுட்டாங்க, அஞ்சே நிமிஷந்தான், சாப்பாடு ஆறிடாது பயப்படாதீங்க.

காலைல பிள்ளையோட வாப்பாகிட்ட கேட்டேன், ஏன் தம்பி இந்தப் பேருன்னு. பாட்டனார் பேராம், சந்தோஷம். அர்த்தம் என்னப்பான்னா உடனே போன எடுத்து தடவுறாரு. அந்த ஆப்ல எந்தப் பேரத் தட்டினாலும் அழகானவன், அறிவாளி, வெற்றியாளன், இந்த மூணுல ஒண்ணு வந்து நிக்கும், நானும் பாத்திருக்கேன்.

இஸ்மாயில் அடிப்படைல அரபிப் பேரே இல்லங்க. அரபி இலக்கணக்காரங்களே இத அஜமி, அதாவது வெளிய இருந்து வந்த பேருன்னுதான் வச்சிருக்காங்க, அதனாலதான் முஹம்மதுன்னு கடைசில ன் சத்தம், அதாவது தன்வீன் போட்டு ஓதுற மாதிரி இதுக்குப் போட முடியாது, மதரஸால ஓதுன பிள்ளைங்களுக்குத் தெரியும். எபிரேயத்துல யிஷ்மாஎல். எல்னா இறைவன், முன்னாடி இருக்குறது கேக்குறதுங்கிற சொல்லு. இறைவன் கேக்குறான். தமிழ் பைபிள்ல இஸ்மவேல்னு இருக்கும், அதே ஆளுதான். நம்ம பக்கத்து வீட்டு சைமன் இருக்காரே, அவரு பேரும் இதே வேர்ல முளைச்சதுதான், இத அவருகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறாரு.

எபிரேயமும் அரபியும் அக்கா தங்கச்சி மாதிரி, கேக்குறதுக்கு அங்க ஷமா, இங்க ஸமிஅ. தொழுகைல ருகூல, அதாவது குனிஞ்ச நிலைல இருந்து நிமிரும்போது இமாம் என்ன சொல்றாரு? ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ். புகழ்ந்தவனோட புகழ அல்லாஹ் கேட்டான். கட்டாயத் தொழுகை, அதாவது ஃபர்ளு மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத், அதாவது 17 சுத்து, அப்ப 17 தடவ இந்தப் பிள்ளையோட பேருக்குள்ள இருக்குற வேர் நம்ம காதுல விழுது, நாம கவனிச்சதே இல்ல.

குர்ஆன்ல 12 எடத்துல இந்தப் பேரு வருது, அதுல 14வது சூரா, அதாவது அத்தியாயத்துல, 39வது ஆயத்த, அதாவது வசனத்த மட்டும் சொல்றேன். வயசான காலத்துல எனக்கு இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த அல்லாஹ்வுக்கே புகழ்னு இப்ராஹிம் நபி சொல்லிட்டு, அந்த மூச்சுலயே, இன்ன ரப்பீ லஸமீஉத் துஆ, என் ரப்பு, அதாவது இறைவன், நாம வேண்டுற துஆவக் கேக்குறவன்னு முடிக்கிறாங்க. மகன் பேரையும் அதோட அர்த்தத்தையும் ஒரே ஆயத்துல பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கு பாருங்க, இத மொத தடவ கவனிச்சப்ப எனக்கு மேல ஓதத் தோணல, அப்படியே உக்காந்துட்டேன்.

இதுல இஸ்மாயில் நபியோட உம்மாவ விட்ருவோமா? ஹாஜரா அம்மையாரு கைக்குழந்தையோட ஆளில்லாத பள்ளத்தாக்குல, தோல்பைல தண்ணி தீந்துபோச்சு, பிள்ள துடிக்குது, பாக்க மனசில்லாம ஸஃபா குன்று மேல ஏறி யாராச்சும் வர்றாங்களான்னு பாக்குறாங்க, எறங்கி எதிர்ல இருக்குற மர்வா குன்றுக்கு ஓடுறாங்க, இப்படி ஏழு தடவ, ஒரு தடவைக்கே சுமார் 450 மீட்டர். கடைசியா மர்வால நிக்கும்போது ஒரு சத்தம். புகாரிங்கிற நபிமொழித் தொகுப்புல வர்ற ஹதீஸ் இது, உடனே அவங்க தனக்குத்தானே "ஷ்ஷ், சும்மாரு"ன்னு சொல்லிட்டு காதத் தீட்டிக் கேட்டாங்களாம். பாத்தா பிள்ள பக்கத்துல மலக்கு, அதாவது வானவர், தரையில இருந்து தண்ணி. ஓடிப் போயிடாம ரெண்டு கையாலயும் மண்ண அணை கட்டுறாங்க. அதுதான் ஜம்ஜம் கிணறு.

நம்ம ஊர்ல இந்தப் பேர சொன்னா முஸ்லிம் லீக் தலைவரு காயிதே மில்லத்த சொல்லாம இருக்க முடியாது, 1896ல திருநெல்வேலி பேட்டைல பொறந்த முகம்மது இஸ்மாயில், அரசியல் நிர்ணய சபைல தமிழுக்காகப் பேசினவரு.

ஒண்ணே ஒண்ணு தம்பி, பிறப்புச் சான்றிதழ்ல இங்கிலீஷ் எழுத்த ஒரே மாதிரி எழுதுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ரேஷன் கார்டுல ஒண்ணு, பாஸ்போர்ட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஸ்மைல்னே போட்டு பத்து வருஷம் எல்லாரும் சிரிச்சாங்க. சரி, சேந்து சாப்பிடுற சஹன் தட்டு வச்சாச்சாம், எந்திரிங்க.