லோனி ஜான்சன்: அடுத்தவர் பாட்டில் ஒலித்த கிட்டார்

(திரை இருட்டாக இருக்கிறது. பழைய இசைத்தட்டின் கரகரப்பு மட்டும் கேட்கிறது.)

வணக்கம். 1927 டிசம்பர் 13, சிகாகோ. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழு 'ஹாட்டர் தேன் தட்' என்ற பாட்டைப் பதிவு செய்கிறது. டிரம்பெட்டில் ஆம்ஸ்ட்ராங். கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ். டிராம்போனில் கிட் ஓரி. பேஞ்சோவில் ஜானி செயின்ட் சிர். பியானோவில் லில் ஹார்டின், இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் அவர்தான். எண்ணிப் பாருங்கள், ஐந்து பேர் சரியாக வந்துவிட்டார்கள்.

பாட்டின் நடுவில் ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை இறக்கிவிட்டு, சொல்லே இல்லாமல் வெறும் அசைகளில் பாட ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். குரலுக்குப் பின்னால் ஒரே ஒரு கிட்டார் மட்டும் நிற்கிறது. ஆம்ஸ்ட்ராங் தாளத்துக்குக் குறுக்கே இழுத்து விளையாடுகிறார். கிட்டார் அசையாமல் நடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் இரண்டும் பேசத் தொடங்குகின்றன. குரல் ஒன்று சொல்ல, கிட்டார் அதையே வேறு மாதிரி திருப்பிச் சொல்கிறது. கடைசியில் டிரம்பெட்டும் கிட்டாரும் மாறி மாறி வாசிக்க, கிட்டாரோடுதான் அந்தத் தட்டு முடிகிறது.

ஐந்து பேர் குழுவில் அந்த ஆறாவது ஆள் யார்?

(திரையில்: கிட்டாருடன் லோனி ஜான்சன். கறுப்பு வெள்ளைப் படம்.)

அவர் பெயர் லோனி ஜான்சன். இன்றைய வார்த்தையில் சொன்னால் செஷன் கிட்டாரிஸ்ட். கால்ஷீட் கணக்கில் ஸ்டூடியோவுக்கு வந்து, யார் பாடினாலும் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போகிறவர். இப்படி அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தபடியே கிட்டாருக்குத் தனிக்குரல் உண்டாக்கியவர் அவர். இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பிறந்தது நியூ ஆர்லியன்ஸில், 1890களில். அப்பா ஒரு கம்பிவாத்தியக் குழு நடத்திவந்தார். வீட்டில் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு வாத்தியம். லோனிக்கு வயலினும் வந்தது, பியானோவும் வந்தது, கிட்டாரும் வந்தது. 1917இல் ஓர் இசைநாடகக் குழுவோடு இங்கிலாந்து போனார். 1919இல் திரும்பி வந்தபோது வீடு காலி. 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் மொத்தக் குடும்பத்தையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது ஜேம்ஸ் என்ற ஒரு சகோதரர் மட்டுமே. இருவரும் ஊரை விட்டு செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசப் படகுகளின் இசைக்குழுக்களில் லோனிக்கு வேலை கிடைத்தது.

1925இல் செயின்ட் லூயிஸ் புக்கர் டி. வாஷிங்டன் தியேட்டரில் ஒரு ப்ளூஸ் பாட்டுப் போட்டி நடந்தது. ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை. பரிசு, ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். லோனி கலந்துகொண்டு ஜெயித்தார். இதைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்: தட்டில் தன் இசை பதிவாக வேண்டும் என்பதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தாராம். நடந்தது ப்ளூஸ் போட்டி, அதனால் ப்ளூஸ் பாடினாராம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ப்ளூஸ் பாடகர்' என்று அந்த ஒரு நாளில் விழுந்த முத்திரை ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது.

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம்.

(திரையில்: வாய் அகன்ற பெரிய ஒலிப்பதிவுக் குழல். அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வாத்தியக்காரர்கள்.)

1925க்கு முன்பு ஒலிப்பதிவு என்றால் இப்படித்தான். மைக் கிடையாது. இந்தக் குழலின் வாய்க்குள் போகும் சத்தம்தான் ஓர் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். சத்தம் குறைந்த வாத்தியம் தட்டில் ஏறாது. அதனால்தான் ஆரம்ப கால ஜாஸ் தட்டுகளில் பேஞ்சோ அதிகம். தோல் போர்த்திய வாத்தியம், பட்டென்று வெட்டிக் கேட்கும். கிட்டாரோ கூட்டத்தில் கரைந்துவிடும். 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது, கூடவே மைக்கும் வந்தது. மெதுவாக மீட்டினாலும் தட்டில் விழும் என்றானது. சரியாக அந்த நேரத்தில் லோனி ஜான்சன் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார்.

அவர் என்ன புதிதாகச் செய்தார் என்று புரிய, ப்ளூஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

(திரையில்: பன்னிரண்டு கட்டங்கள், நான்கு நான்காக மூன்று வரிசை.)

வழக்கமான ப்ளூஸ் பாட்டின் ஒரு சரணத்தில் பன்னிரண்டு அளவுகள். ஓர் அளவு என்றால் நான்கு தட்டுத் தாளம். மூன்று வரிகள், வரிக்கு நான்கு அளவு. முதல் வரியையே இரண்டாவது வரியாகத் திரும்பப் பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில். ஆனால் பாடகர் நான்கு அளவையும் நிரப்புவதில்லை. இரண்டு, இரண்டரை அளவில் வரி முடிந்துவிடும். மிச்சம்? காலி. அந்தக் காலி இடம்தான் பக்கவாத்தியக்காரரின் நிலம். பாடகர் மூச்சு வாங்கும் அந்த ஐந்தாறு விநாடிகளில் கிட்டார் பதில் சொல்ல வேண்டும்.

கூட வாசிக்கும் கிட்டாரின் வழக்கமான வேலை, ஆறு கம்பியையும் சேர்த்துத் தட்டித் தாளம் போடுவது. லோனி அந்த இடைவெளியில் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக எடுத்தார். பிக்கைக் கொண்டு, அதாவது கம்பியை மீட்டும் சிறு வில்லையைக் கொண்டு, ஒரு கம்பி, அடுத்து இன்னொரு கம்பி, ஒரு பாடகர் வரியை எடுப்பது போல. ஒரு ஸ்வரத்தில் நின்று விரலால் கம்பியைத் தள்ளி நடுங்கவைப்பார். கமகம் கேட்டு வளர்ந்த காது அந்த அசைவை உடனே பிடித்துக்கொள்ளும். வயலின் வாசித்த கை அது, இடது கை விரல்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1927இல் அவர் பதிவு செய்த '6/88 கிளைட்' இப்படி ஸ்வரம் ஸ்வரமாக ஓடும் கிட்டார் சோலோ. ஆறு கம்பி கிட்டார், எண்பத்தெட்டுக் கட்டை பியானோ, அதுதான் அந்தத் தலைப்பு. இன்று எந்த ஊர் மேடையிலும் கிட்டாரிஸ்ட் முன்னால் வந்து சோலோ எடுக்கிறார் அல்லவா? அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

கூட வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உதாரணம். டெக்சாஸ் அலெக்சாண்டர் என்று ஒரு பாடகர். வயல்வெளியில் வேலை செய்கிறவர்கள் நீட்டி முழக்கிப் பாடும் பாணியை அப்படியே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தவர். வாத்தியம் எதுவும் வாசிக்க மாட்டார். நான்கு அளவு, பன்னிரண்டு அளவு என்ற கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. ஒரு வரியை மூன்றரை அளவில் முடிப்பார், அடுத்ததை ஐந்துக்கு இழுப்பார். 1927, 28இல் அவருக்குக் கிட்டார் வாசித்தவர் லோனி. ஹெட்போன் போட்டு அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். பாடகர் வரியை நீட்டும்போது கிட்டார் அடுத்த கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் அடுத்த ஸ்வரக் கூட்டுக்குத் தாவாமல், அதே இடத்தில் சின்னதாக ஒரு பின்னலைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். குரல் இறங்கியதும் தானும் இறங்கும். பாடகர் தவறினார் என்றே கேட்பவருக்குத் தோன்றாது. அங்கே கை வேகத்தைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.

அதே 1928 அக்டோபரில், நியூயார்க். டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழு 'தி மூச்' பதிவு செய்கிறது. அதில் பேபி காக்ஸ் என்ற பாடகி சொல்லில்லாமல் உறுமுகிற மாதிரி பாட, எதிர்ப்பாட்டு லோனியின் கிட்டார். எண்ணி எழுதப்பட்ட பெரிய இசைக்குழு ஒரு பக்கம், கணக்கே இல்லாத டெக்சாஸ் அலெக்சாண்டர் இன்னொரு பக்கம். இரண்டு இடத்திலும் அதே மனிதர்.

இனி, இந்தக் கதையில் என்னை மிகவும் தொட்ட பகுதி.

(திரையில்: இரண்டு நாற்காலிகள், இரண்டு கிட்டார்கள்.)

அதே ஓக்கே நிறுவனத்தில் இன்னொரு கிட்டாரிஸ்ட் இருந்தார். எடி லாங். பிலடெல்பியாவில் இத்தாலியக் குடும்பத்தில் சல்வதோரே மசாரோ என்ற பெயரில் பிறந்தவர். வெள்ளையர் இசைக்குழுக்களில் அன்று அதிகம் தேடப்பட்ட செஷன் கிட்டாரிஸ்ட் அவர்தான். 1928, 29இல் இவரும் லோனியும் சேர்ந்து கிட்டார் ஜோடிப் பதிவுகள் செய்தார்கள். ஆனால் அன்றைய அமெரிக்காவில் தட்டு விற்பனையே நிறவாரியாகப் பிரிந்திருந்தது. கறுப்பினத்தவருக்கான தட்டுகள் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பட்டியல். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக உட்கார்ந்து வாசித்தார்கள் என்று லேபிளில் போட முடியாது. அதனால் எடி லாங்குக்கு ஒரு புனைபெயர் வைத்தார்கள்: 'பிளைண்ட் வில்லி டன்'. கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஒருவரின் பெயர் போல ஒலிக்க வேண்டும் என்பதற்காக.

அந்தத் தட்டுகளைக் கேட்டால் இந்தப் பிரிவினை எவ்வளவு அபத்தம் என்று புரியும். லாங் கீழே கார்டுகளைத் தூண் மாதிரி நிறுத்துகிறார், லோனி மேலே பறக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான். லாங்கும் தன் காலத்தின் பெரிய சோலோ கலைஞர். ஆனாலும் இங்கே பக்கவாத்தியமாக இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. 1933இல் டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு லாங் இறந்துபோனார். வயது முப்பதுதான்.

அதற்குள் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. 1927இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி இசைத்தட்டுகள் விற்றன. 1932இல் அது சுமார் 60 லட்சம். 1925 முதல் 1932 வரை ஓக்கேக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்த லோனி அடுத்த ஐந்து வருடம் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை. இரும்பாலையில் வேலை செய்தார். செஷன் கலைஞரின் பொருளாதாரம் அப்படி. வாசித்த அன்று கூலி, அதோடு கணக்கு முடிந்தது. தட்டு பிறகு எத்தனை வருடம் விற்றாலும் வாசித்த கைக்கு எதுவும் வராது.

பிறகு மீண்டும் எழுந்தார். 1937இல் சிகாகோ. முதலில் டெக்கா, அப்புறம் ப்ளூபேர்ட் என்ற இசைத்தட்டு நிறுவனங்கள். கிட்டாரும் மின்சாரத்துக்கு மாறியது. 1948இல் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'டுமாரோ நைட்' ஏழு வாரம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அது ப்ளூஸே அல்ல, மெல்லிய காதல் பாட்டு. போட்டியில் ஜெயிக்க ப்ளூஸ் பாடியவருக்கு, ஆயுளின் பெரிய வெற்றி ப்ளூஸ் அல்லாத பாட்டில் கிடைத்தது. 1952இல் இங்கிலாந்து போனார். அங்கே அவரோடு ஒரே மேடையில் வாசித்த டோனி டோனகன் என்ற இளைஞர் அவர் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். பின்னாளில் பிரிட்டனில் ஸ்கிஃபிள் என்ற எளிய நாட்டுப்புறப் பாணி இசையைப் பரப்பிய லோனி டோனகன் அவர்தான்.

அதன்பிறகு மறுபடி மௌனம்.

(திரையில்: ஒரு பெரிய ஹோட்டல் கட்டடம், 1950களின் பிலடெல்பியா தெரு.)

1959. பிலடெல்பியா வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய கிறிஸ் ஆல்பர்ட்சன் என்பவர் லோனியைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். பெஞ்சமின் பிராங்க்ளின் ஹோட்டலில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங்கோடும் எலிங்டனோடும் வாசித்த அதே கைகள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. போய் மறுபடி 'ஹாட்டர் தேன் தட்' போட்டுக் கேட்டேன்.

1960 மார்ச்சில் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் புதிய ஆல்பம் பதிவானது. அடுத்த மாதமே இன்னொன்று, எல்மர் ஸ்னோடன் என்ற மூத்த கிட்டாரிஸ்டோடு. 1963இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு ஐரோப்பா. ஆனால் அங்கே இளைஞர்கள் எதிர்பார்த்தது நாட்டுப்புறத்து முரட்டு ப்ளூஸ். கோட்டு சூட்டோடு வந்து காதல் பாட்டுப் பாடுகிற மனிதரை என்ன செய்வது என்று சிலருக்குத் தெரியவில்லை. அவர்களை அப்படி எதிர்பார்க்க வைத்த மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனே லோனியின் தட்டுகளைக் கேட்டுப் பாடம் படித்தவர். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் தன் ஆசான்களில் ஒருவராகக் கடைசி வரை சொன்னதும் லோனியின் பெயரைத்தான்.

1965இல் கனடாவின் டொராண்டோவுக்குப் போனார், ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1969 மார்ச்சில் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர் மீது கார் ஏறியது. இடுப்பெலும்பு முறிந்தது. பக்கவாதமும் வந்தது. அதன்பிறகு கிட்டார் வாசிக்கவே முடியவில்லை.

(இசை மெதுவாகக் குறைகிறது.)

1970 பிப்ரவரி 23. டொராண்டோ மாஸி ஹால். பெரிய கூட்டம். லோனி ஜான்சன் கைத்தடி ஊன்றி மேடைக்கு வருகிறார். கையில் கிட்டார் இல்லை. ஓரிரு பாட்டுகள் பாடுகிறார். அவர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடங்களில் பதில் சொன்னது பட்டி கை (Buddy Guy) என்ற ப்ளூஸ் கலைஞரின் கிட்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதே வருடம் ஜூன் 16இல் லோனி இறந்தார்.

(திரை இருள்கிறது. 'ஹாட்டர் தேன் தட்' கடைசி விநாடிகள்: டிரம்பெட், பிறகு கிட்டார்.)