எண்ணெயும் அரப்பும் ஒரே பாட்டிலில்

நடுவர் அய்யா அவர்களே, காங்கேயத்துப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. 'முகம் கழுவ ஏற்றது சோப்பா, எண்ணெயா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி, "முகத்தில் வழிகிற எண்ணெயைப் போக்கத்தானே கழுவுகிறோம், அது மேலேயே எண்ணெயைத் தேய்த்தால் பரு வராதா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நியாயமான கேள்விதான்.

நான் தினமும் ஸ்கூட்டரில் திருப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், கண்ணுக்கு மை, அதற்கு மேல் ரோட்டுப் புழுதி. சாயங்காலம் வந்து கட்டிச் சோப்பை இரண்டு தடவை போட்டுத் தேய்ப்பேன். முகம் இழுத்துப் பிடிக்கும், மூக்கோரம் தோல் உரியும், அப்படியும் துண்டில் மை ஒட்டும். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டுகிற பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். கட்டிச் சோப்பு 9, 10 வரை போகிற காரம். எரியாமல் என்ன செய்யும்?

சன்ஸ்கிரீனும் மையும் எண்ணெயும் மெழுகும் கலந்தவை. அவற்றைக் கரைக்க எண்ணெய்தான் வேண்டும். சரி, கரைத்த எண்ணெய் முகத்திலேயே தங்கிவிடாதா? இங்கேதான் எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், நினைவுக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்தால் அரப்பு இல்லாமல் விடவே மாட்டார். அரப்பு என்கிற அந்த உசிலை இலைப் பொடியில் நுரை தருகிற சப்போனின் இருக்கிறது. அது எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நான் சொல்கிற எண்ணெய், முகம் கழுவவென்றே கடையில் விற்கிற எண்ணெய் க்ளென்சர். அதில் இந்த அரப்பின் வேலையைச் செய்ய எமல்சிஃபையர் என்ற பொருளைக் கலந்தே தருகிறார்கள். தண்ணீர் பட்டதும் பாலாக வெளுத்து, வழிந்து போய்விடும். தங்கச்சி பயப்படுகிற பிசுக்கு, அரப்பு போடாத எண்ணெயின் பிசுக்கு.

கொப்பரைக் களங்கள் சூழ்ந்த ஊரில் நின்று இதைச் சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: பரு வருகிற முகத்துக்கு வெறும் தேங்காய் எண்ணெய் வேண்டாமுங்க. தோல் துவாரத்தை அடைக்கும். தலைக்கு வைப்போம்.

முக்கியமானது க்ளென்சரைப் போடுகிற முறை. கையும் முகமும் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு எடுத்தால் எண்ணெய் அழுக்கைப் பிடிப்பதற்கு முன்பே பாலாகிவிடும். முதல் வாரம் நான் செய்த தவறு அதுதான். ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்து, அப்புறம் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, பாலானதும் நன்றாகக் கழுவுங்கள். பின்னாலேயே மென்மையான ஃபேஸ்வாஷ். ஜப்பானிலும் கொரியாவிலும் பலர் இப்படி இரண்டு கழுவாகத்தான் கழுவுகிறார்கள். எதுவும் பூசாத நாளில் எண்ணெய் தேவையில்லை, காசும் மிச்சம்.

தங்கச்சி, ஒரு வாரம் பத்து நாள் தாடையோரம் மட்டும் தடவிக் கழுவிப் பாருங்கள். அரிப்போ பருவோ வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால் முகம் முழுக்கப் போட்டு, துடைத்த துண்டை மட்டும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள்.